தமிழ்நாட்டுச் செடி மொரிஷியஸுக்கு: பெர்மிட், வேர் கழுவுதல், பார்சல், ரீயூனியனுக்கு மறு அனுப்பல்

#1 ரோஸ்ஹில்_மல்லி

எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து கொண்டுவர நினைக்கும் பட்டியல் இது: மதுரை குண்டுமல்லி 10, டெல்லி கனகாம்பரம் 10, கற்பூர வெற்றிலைக் கொடி, செங்காம்பு கறிவேப்பிலை 2, அடினியம் 6, டென்ட்ரோபியம் ஆர்க்கிட் 4, கோயில் நந்தவனத்துக்குக் குருக்கத்தி 1. இதில் பாதி பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் சேந்த் ஆந்த்ரேயில் இருக்கும் உறவினருக்குப் போகும். தொட்டியோடு கொண்டுவர முடியாது என்று தெரியும். யாரிடம் என்ன காகிதம் வாங்க வேண்டும், எது உயிரோடு வந்து சேரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கொடிக்கால்

வரிசை மாறினால் காரியம் கெட்டது. முதலில் பெர்மிட் (இங்கே இறக்க அனுமதி), பிறகு சான்றிதழ் (ஊரில் தருவது), கடைசியில்தான் செடி. நம்மவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். நர்சரியில் பூவைப் பார்த்து வாங்கியாகிவிட்டது, நாலு நாளில் ஃபிளைட், இப்போது என்ன பேப்பர் வேண்டும் என்று கேட்பார்கள்.

மொரிஷியஸில் இதற்கான சட்டம் 2006ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம். பெர்மிட் தருவது ரெதுயியில் உள்ள தேசியத் தாவரப் பாதுகாப்பு அலுவலகம். விண்ணப்பத்தில் ஒவ்வொரு செடிக்கும் தனி வரி போடுங்கள். தாவரவியல் பெயர், எண்ணிக்கை, எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக வருகிறது, இதோடு எந்த வடிவம் என்பதும் வேண்டும்: வேருடன் செடியா, வேரில்லாக் குச்சியா, விதையா, திசு வளர்ப்புக் குப்பியா. வடிவத்தைப் பொறுத்து நிபந்தனையே மாறும். ஒரே செடி, வேருடன் என்றால் மறுப்பு, குப்பியில் என்றால் அனுமதி என்று வரலாம்.

பெர்மிட் கையில் வந்ததும் அதை வரி வரியாகப் படியுங்கள். "இன்ன பூச்சி இல்லாத தோட்டத்தில் வளர்ந்தது", "இன்ன மருந்தில் நனைத்தது" என்று இருக்கும். அந்த நகலைத்தான் சென்னை மீனம்பாக்கத்தில் உள்ள மண்டலத் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் தரும் பைட்டோ சான்றிதழில் (செடிக்கு நோய், பூச்சி இல்லை என்ற தாவர நலச் சான்றிதழ்) "கூடுதல் உறுதிமொழி" என்று ஒரு கட்டம் உண்டு. பெர்மிட்டில் உள்ள வாசகம் அங்கே அப்படியே ஏற வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தும் பிரயோஜனமில்லை.

#3 சும்மா_வந்தவன்

பத்து மல்லிக் குச்சிக்கு இவ்வளவா? ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் சேலைக்கு நடுவே வைத்தால் போதாதா? இந்தத் தீவுக்கு ஜாதிக்காயும் கிராம்பும் 1770ல் எப்படி வந்தன? இங்கே பிரெஞ்சு நிர்வாகியாக இருந்த புவாவ்ரே துரை ஆளனுப்பி, டச்சுக்காரர் கண்ணில் மண்ணைத் தூவிக் கடத்திவரச் செய்ததுதானே!

#4 பனைமரக்காரி

புவாவ்ரே காலத்தில் வைரஸ் என்றொரு பொருள் இருப்பதே யாருக்கும் தெரியாது, தம்பி. இன்றைக்குத் தெரியும். கீழ்த்திசைப் பழ ஈ 1996ல் இங்கே தலைகாட்டியது. அதை ஒழித்து முடிக்க 1999 ஆயிற்று. 2013ல் மறுபடி வந்தது. ஒரு பழத்துக்குள் இருக்கும் புழுக்களே அதற்குப் போதும்.

இன்னொன்று, எலுமிச்சை ஆரஞ்சுக் குடும்பத்தின் கிரீனிங் நோய். ரீயூனியனிலும் இங்கேயும் எலுமிச்சை வகைத் தோட்டங்களை அது படுத்திய பாடு பெரிது. 1970களில் ரீயூனியனில் தமரிக்ஸியா என்ற கடுகளவு ஒட்டுண்ணிக் குளவிகளை விட்டுத்தான் நோய் பரப்பும் சில்லிட் பூச்சியை அடக்கினார்கள். அதில் ஒரு வகைக் குளவி இந்தியாவிலிருந்தே போனது. பூச்சியும் ஊர்ப்பூச்சி, அதன் எமனும் ஊர்க்குளவி!

ஈரத்துணியில் பெட்டிக்குள் வைத்தால் பிடிபடுவது ஒரு பக்கம். பிடிபடாவிட்டால்தான் நஷ்டம் பெரிது, அது பக்கத்து வீட்டு மரத்துக்கும் சேர்த்து.

#5 கொடிக்கால்

பட்டியலுக்கு வருவோம். வேருடன் எது, வேரில்லாமல் எது என்று பிரித்தாலே பாதி வேலை முடியும். கனகாம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி கனகாம்பரம் மும்மய ரகம் (குரோமோசோம் மூன்று தொகுதி), விதை பிடிக்காது, குச்சி வைத்துத்தான் பெருக்க முடியும். அதனால் விதை கேட்டு அலைய வேண்டாம். ஆனால் வேர்பிடித்த நாற்றை வாங்காதீர்கள். கனகாம்பரத்தின் வாடல் நோய்க்குப் பின்னால் பெரும்பாலும் நூற்புழு இருக்கும். அது வேருக்குள்ளேயே குடியிருப்பது. எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவினாலும் போகாது. கழுவிய வேர் வெள்ளையாகச் சுத்தமாகத் தெரிவதால் நாமும் ஏமாறுவோம். வேரில்லாத நுனிக்குச்சி, 10 செ.மீ., இரண்டு மூன்று கணு, பூக்காம்பைக் கிள்ளிவிட்டு. அதுதான் பாதுகாப்பு.

வெற்றிலையும் அப்படியே. அடியழுகல் நோயின் பூஞ்சணம் மண்ணிலும் வேரிலும் வரும். கொடிக்காலில் நுனிப்பக்கக் கொடியிலிருந்து மூன்று கணுத் துண்டுகள் போதும். தரையில் ஊர்ந்த அடிக்கொடி வேண்டவே வேண்டாம்.

குண்டுமல்லி: அரைமுற்றல் தண்டு, 15 செ.மீ., மூன்று நான்கு கணு. கீழ்வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக. மேலே ஒரு ஜோடி இலை, அதையும் பாதியாக நறுக்குங்கள். இலையில் மஞ்சள் வளையமோ தேமலோ உள்ள தாய்ச்செடியைத் தொடாதீர்கள், வைரஸ் குச்சியோடு வரும், மருந்தில் போகாது. இங்கே வந்தபின் மணலும் நார்க்கழிவும் சம அளவில் கலந்து நிழலில் வைத்தால் 4 முதல் 6 வாரத்தில் வேர் விடும்.

#6 நர்சரிப்பக்கம்

வேருடன்தான் அனுப்ப வேண்டும் என்றால் கழுவும் முறை இது. அவசரத்தில் குழாயடியில் அலசுவதால்தான் பாதிச் செடி போகிறது.

முந்தைய இரண்டு நாள் தண்ணீர் நிறுத்துங்கள், மண் உதிரும். பையைக் கிழித்து, வேர்க்கட்டியைக் கையால் பிசையாமல் வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊற விடுங்கள். பிறகு மூன்று வாளி. முதல் வாளியில் மேலும் கீழும் மெதுவாக ஆட்டினால் முக்கால்வாசி மண் இறங்கும். இரண்டாவதில் மென்மையான பல்துலக்கியால், தண்டிலிருந்து நுனிப்பக்கமாக மட்டும். எதிர்ப்பக்கம் தேய்த்தால் வேர்த்தூவி உரிந்துவிடும். மூன்றாவது வாளித் தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

மண் ஒளியும் இடம் ஒன்று உண்டு. தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குக் கீழே, தடித்த வேர்கள் கவடு பிரியும் இடுக்கு. பரிசோதிப்பவரின் கண் முதலில் அங்கேதான் போகும். பல் குத்தும் குச்சியால் கிளறிப் பாருங்கள். வேரில் மணிமணியாக முடிச்சு இருந்தால் அந்தச் செடியை ஒதுக்கிவிடுங்கள். கழுவுவது வீண்வேலை.

நீர் வடிந்ததும் ஈரமான ஸ்பேக்னம் பாசியை வேரைச் சுற்றி வைத்து, வேருக்கு மட்டும் பிளாஸ்டிக் பை, கழுத்தில் ரப்பர் பேண்ட். பாசியை இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் விழ வேண்டும், அதுதான் அளவு. அதற்கு மேல் ஈரம் இருந்தால் மூன்றாம் நாள் அழுகல் வாடை அடிக்கும். முழுச்செடியையும் பிளாஸ்டிக்கில் அடைப்பவர்கள் சாம்பல்பூசணத்தைப் பார்சல் பண்ணுகிறார்கள். இலைப்பக்கத்துக்குச் செய்தித்தாள் போதும். பாசியோ நார்க்கழிவோ எதை வைத்தாலும் பெர்மிட் அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் தாவரப் பொருள்தான்.

அட்டைப்பெட்டிக்குச் சான்று வேண்டாம். பலகைப்பெட்டி என்றால் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை வேண்டும்: மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் இருந்ததற்கான அடையாளம். முத்திரையில்லாத பழக்கூடைப் பலகையில் கட்டி அனுப்பி, செடி எல்லாம் சரியாக இருந்தும் பெட்டியால் சிக்கும் பார்சல்கள் உண்டு.

#7 டர்பன்_பால்கனி

அடினியத்துக்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாது, கவனம். ஈரம் பட்டால் செத்தது. ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் காயவிட்டு, பிடுங்கி, கழுவி, ஒடிந்த வேர்களை மட்டும் கூரிய கத்தியால் நறுக்கி, வெட்டுவாயில் மேங்கோசெப் பூஞ்சைக்கொல்லித் தூள் தடவி, நிழலில் 5 முதல் 7 நாள் விட்டுவிடுங்கள். வெட்டு காய்ந்து தோல்கட்டும். அதன்பின் வெறும் செய்தித்தாளில் சுற்றுவது, அவ்வளவே. பாசியும் வேண்டாம், பையும் வேண்டாம். இரண்டு மூன்று வாரம்கூடத் தாங்கும். வந்து நட்ட பிறகும் நாலைந்து நாள் கழித்துத்தான் முதல் தண்ணீர்.

அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் அடினியம் இல்லை. ஆனால் அதே கடையில் விற்கும் பேக்கிபோடியம் உண்டு, கற்றாழை வகைகளில் சோற்றுக்கற்றாழை தவிர மற்ற ஆலோக்கள் உண்டு, சப்பாத்திக்கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் உண்டு. யூபோர்பியாவில் சதைப்பற்றுள்ளவை உண்டு, ஆனால் தோட்டத்தில் பெருக்கிய கிறிஸ்துமுள் ரகங்களுக்கு, 100 அல்லது அதற்கு மேல் ஒரே சரக்காகப் போனால், விலக்கு. "கள்ளிதானே" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

இங்கே தென்னாப்பிரிக்காவில் யாராவது என்செபலார்டோஸ் சைக்காட் மலிவாகக் கிடைக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டால் பதிலே போடாதீர்கள். அந்தப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாட்டில், இருக்கிறது. காட்டிலிருந்து பிடுங்கியதைத் தோட்டத்தில் வளர்த்தது என்று விற்பவர்கள் நிறைய.

#8 பனைமரக்காரி

ஆர்க்கிட் விஷயத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே சைட்டிஸில் வருகிறது, பெரும்பாலானவை இரண்டாம் பட்டியல், பேபியோபெடிலம் போன்றவை முதல் பட்டியல். டென்ட்ரோபியம் கலப்பினங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் அது ஒரே கலப்பினம் 20 அல்லது அதற்கு மேல் ஒரு பெட்டியில் என்று போகும் வியாபாரச் சரக்கை மனதில் வைத்து எழுதியது. நாலு செடி வாங்குபவர் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

சுலபமான வழி குப்பி. இரண்டாம் பட்டியல் ஆர்க்கிட்களில், கிருமிநீக்கிய குப்பிக்குள் ஊடகத்தில் வளரும் நாற்றுகளுக்கு சைட்டிஸ் அனுமதி தேவையில்லை. மண் இல்லை, பூச்சி இல்லை. பெர்மிட்டும் பைட்டோவும் அப்போதும் வேண்டும், இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சைட்டிஸ் பார்ப்பது அழிவைப் பற்றி, பைட்டோ பார்ப்பது நோயைப் பற்றி. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இங்கே சைட்டிஸைப் பார்ப்பது தேசியப் பூங்கா பாதுகாப்புத் துறை.

பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும் என்பதுதான் குப்பியின் குறை. பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், டென்ட்ரோபியத்துக்குத் தீவில் பஞ்சமா?

#9 ரோஸ்ஹில்_மல்லி

நன்றி அக்கா, நன்றி அண்ணா. கறிவேப்பிலையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? விதையாகக் கொண்டுவரலாமா?

#10 கொடிக்கால்

வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். பட்டியலிலேயே தலைவலி அதுதான்.

கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். #4ல் சொன்ன சில்லிட்டுக்கு அதன் கொழுந்து பிடித்தமான சாப்பாடு. இளங்கொழுந்தை விரித்து, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பாருங்கள். மடிந்த இலைக்குள் பாதாம் வடிவில் ஆரஞ்சு மஞ்சளாக முட்டைகள் குத்திட்டு நிற்கும். குஞ்சு தட்டையாக, மஞ்சளாக, வாலிலிருந்து வெள்ளை மெழுகு நூல் சுருண்டு வரும். வளர்ந்தது ஏறக்குறைய 3 மி.மீ.தான் இருக்கும், தலையைக் கீழே வைத்துப் பின்பக்கத்தை 45 டிகிரி தூக்கி உட்காரும். அசுவினி அப்படி உட்காராது. இந்தப் பூச்சி இந்தியாவிலும் உண்டு, இங்கேயும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இல்லை, அங்கே இருப்பது வேறு இனம். ஆகவே இங்கிருந்து டர்பனுக்குக் கறிவேப்பிலைக் கன்று கொண்டுபோக யாரும் கனவு காண வேண்டாம்.

விதை என்றால், பழுத்த கருப்புப் பழத்தின் சதையை முழுவதும் நீக்கிக் கழுவ வேண்டும். ஆனால் முளைப்புத்திறன் இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். வெயிலில் காயவைத்தால் அன்றே போச்சு. பெர்மிட், சான்றிதழ், பயணம் எல்லாம் முடிவதற்குள் உங்கள் கையில் இருப்பது வெறும் கொட்டை. வேம்பு, பலா, மா எல்லாம் இதே ஜாதி.

அதைவிட, இங்கே எதற்கு? கடையில் "கரிபுலே" என்று கேட்டால் கட்டுக்கட்டாகக் கொடுக்கிறார்கள். அந்தச் சொல்லே நம் கறிவேப்பிலைதான். முருங்கை "முரூம்" ஆனது, பீர்க்கங்காய் "பிபாங்காய்" ஆனது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் இதையெல்லாம் அப்போதே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். பெரிய மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றை, ஒரு சாண் உயரம் வந்ததும், தாய்வேரில் ஒரு துண்டோடு மழைநாளில் வெட்டி எடுங்கள். செங்காம்புதான் வேண்டும் என்று அடம் பிடித்தால் என்னிடம் பதில் இல்லை.

#11 சேந்த்ஆந்த்ரே_974

ரீயூனியன் பக்கத்து விவரம். எல்லோரும் செய்யும் தவறு, "ரீயூனியன் பிரான்ஸ், பிரான்ஸ் ஐரோப்பா, அதனால் ஒரே விதி" என்று நினைப்பது. 2019 டிசம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத் தாவர நல விதிகளில் ரீயூனியன் ஒன்றிய எல்லைக்குள் சேராது. பாரிஸிலிருந்து இங்கே செடி வந்தாலும் பைட்டோ வேண்டும். இங்கிருந்து பாரிஸுக்குப் பேரப்பிள்ளைகளுக்கு மாம்பழம் எடுத்துப்போனாலும் வேண்டும். விலக்கு ஐந்து பழங்களுக்கு மட்டும்: அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, துரியன். விக்டோரியா அன்னாசிப் பெட்டியோடு எல்லோரும் விமானம் ஏறுவதன் ரகசியம் இதுதான்.

மொரிஷியஸிலிருந்து இங்கே அனுப்புவதைப் பற்றி: இந்தியச் சான்றிதழை வைத்துக்கொண்டு அப்படியே பாதியைப் பிரித்து அனுப்ப முடியாது. சரக்கைப் பிரித்த நிமிடமே அந்தச் சான்றிதழ் அந்தப் பாதிக்குப் பேசாது. மறு ஏற்றுமதிச் சான்றிதழ் என்று தனியாக உண்டு, அதோடு இந்தியச் சான்றிதழின் அத்தாட்சி பெற்ற நகல் போக வேண்டும். நடைமுறையில் ஒரு வருடம் ரோஸ் ஹில்லில் வளர்த்து, அதிலிருந்து குச்சி எடுத்து, மொரிஷியஸில் விளைந்ததாகவே புதுச் சான்றிதழ் வாங்குவது எளிது. அதற்கு முன் எங்கள் பக்க வேளாண் துறையிடம், டாஃப் என்போம், அந்த இனம் அனுமதியா தடையா என்று கேட்டுவிடுங்கள். தடைப்பட்டியல் நீளம். எலுமிச்சைக் குடும்பம் என்றால் கேள்வியே கேட்காதீர்கள்.

குருக்கத்தி ஒன்று என்று பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம்.

#12 ரோஸ்ஹில்_மல்லி

கோயில் கொடிதானே அண்ணா, மாதவிப் பந்தல் போடத்தான் கேட்கிறார்கள். அதில் என்ன?

#13 பனைமரக்காரி

ஊரில் அது பந்தல்கொடி. இங்கே அது காட்டைக் கொல்லும் கொடி. நம் மாதவியைத்தான் ரீயூனியனில் "லியான் பாப்பியோன்" என்கிறார்கள், மொரிஷியஸில் "லியான் செர்ஃப்". உலகின் 100 மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இடம்பிடித்தது. காயில் மூன்று இறக்கை, காற்றில் பம்பரம் மாதிரிச் சுற்றிக்கொண்டே தூரம் போகும். மரத்தின் மேல் ஏறிக் கூடாரம் போட்டு, வெளிச்சத்தை மறைத்து, எடையிலேயே கிளையை ஒடிக்கும். வெட்டினால் அடியிலிருந்து மறுபடி தழைக்கும். ரீயூனியனில் எஞ்சியிருக்கும் மேற்குச்சரிவு வறள்காட்டைக் காப்பாற்ற இதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

நந்தவனப் பந்தலுக்கு முல்லையும் பிச்சியும் போதும். சுவாமி கோபிக்க மாட்டார்.

#14 சும்மா_வந்தவன்

சரி, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும். எல்லா பேப்பரும் சரியாக இருந்தும் ஏர்போர்ட்டில் நிறுத்தி வைப்பது எதனால்?

#15 கொடிக்கால்

பெரும்பாலும் பெயரால். சான்றிதழில் "முர்ராயா", பெர்மிட்டில் "பெர்கெரா" என்று இருக்கும். இரண்டும் கறிவேப்பிலைதான், பழைய பெயரும் புதிய பெயரும். பரிசோதிப்பவர் உங்களை நம்பிக் கையெழுத்துப் போட முடியாது. ஆகவே பெர்மிட்டில் உள்ள பெயரையே சென்னையிலும் கேட்டு வாங்குங்கள். மல்லிக்கு "ஜாஸ்மினம்" என்று மட்டும் போட்டால் பத்தாது, சம்பக் என்பதும் வேண்டும். குண்டுமல்லி, முல்லை, பிச்சி மூன்றும் வெவ்வேறு இனம்.

அடுத்தது எண்ணிக்கை. நர்சரிக்காரர் அன்பாக இரண்டு செடி கூடப் போட்டிருப்பார். 10 என்ற காகிதத்துக்கு 12 செடி வந்தால் 2 மட்டும் பிரச்சினை இல்லை, மொத்தமும் பிரச்சினை. அதேபோல் சான்றிதழில் பேனாவால் அடித்துத் திருத்தி, திருத்தத்துக்கு மேல் அதிகாரியின் முத்திரை இல்லாவிட்டால் செல்லாது. பச்சை மையில் அழகாகத் திருத்தியிருந்தாலும் செல்லாது!

மூன்றாவது, உயிருள்ள பூச்சி. இலைக்கக்கத்தில் பஞ்சுபோல மாவுப்பூச்சி, இலையடியில் சிலந்திப்பேன். கண்டால் மருந்துப்புகை, திருப்பி அனுப்புவது, எரிப்பது, எதுவானாலும் செலவு உங்களுடையது. மெத்தில் புரோமைடு புகையில் பூச்சி சாகும், இளங்குச்சியும் பெரும்பாலும் கூடவே போகும்.

கையில் பூச்சரம் வைத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். தலையில் வைத்த மல்லிகைக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் பையில் வாழைநாரில் கட்டிய மூன்று முழம் தாவரப் பொருள்தான்.

#16 நர்சரிப்பக்கம்

வந்து சேர்ந்தபின் நேரே தோட்டத்தில் இறக்காதீர்கள். பூச்சி புகாத 50 மெஷ் வலைக்குள், மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி, 6 முதல் 8 வாரம். உள்ளே ஒரு மஞ்சள் ஒட்டும் அட்டை. கத்தரிக்கோல் தனி, தண்ணீர்க்குவளை தனி. தொட்டியிலிருந்து வடியும் நீர் பக்கத்து மண்ணுக்குப் போகாமல் அடியில் தட்டு. மாவுப்பூச்சி தெரிந்தால் 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள், வாரம் ஒருமுறை, மூன்று வாரம். ஒரே தடவையில் முட்டை போகாது. புதுக்கொழுந்து இரண்டு சுற்று சுத்தமாக வந்தபின்தான் வெளியே.

பார்சலில் வந்த பாசி, செய்தித்தாள், உதிர்ந்த இலை எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். உரக்குழியில் போடுபவர்கள் அதிகம், பூச்சியும் கிருமியும் அங்கேதான் பிழைத்துக்கொள்ளும்.

#17 ரோஸ்ஹில்_மல்லி

பட்டியலைத் திருத்திவிட்டேன். குண்டுமல்லி வேரில்லாக் குச்சி 10, டெல்லி கனகாம்பரம் நுனிக்குச்சி 10, அடினியம் 6. வெற்றிலையும் கறிவேப்பிலையும் இங்கேயே யாரிடமாவது வாங்கிக்கொள்கிறேன், டென்ட்ரோபியமும் அப்படியே. குருக்கத்தி நீக்கம். ரீயூனியன் பங்கு அடுத்த வருடம். மூன்று வரிக்கும் தாவரவியல் பெயரோடு ரெதுயிக்கு விண்ணப்பம் எழுதுகிறேன். கனகாம்பரத்துக்கு "குரோசாண்ட்ரா இன்ஃபண்டிபுலிஃபார்மிஸ்" என்று போட்டால் சரிதானே?

#18 கொடிக்கால்

சரி. பக்கத்திலேயே "வேரில்லாக் குச்சி" என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். வெற்றிலைக் கொடி வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், கத்தர் போர்னில் மூன்று கணுத் துண்டு பத்து தருகிறேன்.